‘ஏலியன்’ போடலாமா, ‘தி திங்’ போடலாமா?

அக்கா மகன் போன வாரம் ஃபோன் செய்தான். “மாமா, சனிக்கிழமை ராத்திரி நாங்க மூணு பேரு சேர்ந்து ஒரு பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹாரர் படம் பாக்கலாம்னு இருக்கோம். எல்லாரும் ‘ஏலியன்’தான் சொல்றாங்க. அதையே போட்டுடலாமா?”

அவனுக்கு வயது 19. இந்த வகையில் ஒரு படம்கூட இதுவரை பார்த்ததில்லை. ‘போடு’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், ஆனால் எனக்கு வாய் வரவில்லை. முதல் படம் சரியாக அமைந்துவிட்டால் இன்னும் இருபது படங்களைத் தானே தேடிப் பார்ப்பான். ‘ம், பரவாயில்ல’ என்று எழுந்துவிட்டால் அத்தோடு சரி. “ரெண்டு நாள் டைம் குடு, சொல்றேன்” என்றேன். அந்த இரண்டு நாள் யோசனைதான் இது.

எந்தப் படத்தின் முடிவையும் இங்கே உடைக்கப்போவதில்லை. ஆனால் ‘ஏலியன்’ படத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சியையும் அதற்குப் பிறகு வரும் ஒரு திருப்பத்தையும் தொடாமல் என் கருத்தைச் சொல்ல வழியில்லை. அதுகூடத் தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ 1979 மே மாதம் வெளியானது. மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பகல் வெளிச்சத்தில், லேப்டாப்பில். அப்படிப் பார்த்தது படத்துக்குச் செய்த அநியாயம் என்று பிறகு தோன்றியதால், இரண்டாம் முறை ராத்திரியில் விளக்கெல்லாம் அணைத்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. மூன்றாம் முறை மறுவெளியீட்டில், தியேட்டரில். ஒவ்வொரு முறையும் படத்தின் மேல் மதிப்பு கூடியது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கட்டத்தில் என் மனம் படத்தை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டது. மூன்று தடவையும் அதே கட்டத்தில் நடந்தால், காரணம் என் அன்றைய மனநிலை மட்டுமாக இருக்க முடியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிறைய இருக்கிறது.

நாஸ்ட்ரோமோ ஒரு சரக்குக் கப்பல். 2 கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. உள்ளே ஏழு பேர், ஒரு பூனை. நீள்துயில் கலைந்து எழுந்து வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சிகரெட் பற்றவைக்கிறார்கள், கையோடு போனஸ் பங்கு பற்றிப் பேச்சை எடுக்கிறார்கள். கீழ்த்தளத்தில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் பார்க்கருக்கும் பிரெட்டுக்கும் மற்றவர்களைப் போல முழுப் பங்கு கிடையாது. அந்த மனத்தாங்கலை யாஃபெட் கோட்டோவும் ஹாரி டீன் ஸ்டான்டனும் பேசுகிற விதத்தைப் பார்த்தால், எந்தப் பட்டறையிலும் எந்தக் கப்பல் தளத்திலும் கேட்கக்கூடிய பேச்சு அது. விண்வெளி என்றாலே மடிப்புக் கலையாத சீருடையும் பளபளக்கும் சுவர்களும் என்று பழகியிருந்த கண்ணுக்கு, அழுக்கும் நீராவியும் வேலை அலுப்பும் நிறைந்த இந்தக் கப்பல் அன்றைக்குப் புதிதாக இருந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கிறது.

படத்தின் தோற்றத்துக்குப் பின்னால் ஒரு நல்ல முடிவு இருக்கிறது. மனிதர்களின் கப்பலை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ரான் காப். இந்த இடத்தில் இந்தக் குழாய் எதற்கு, இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று ஒரு பொறியாளரைப் போல யோசித்து வரைபவர். வழியில் இறங்கிய இடத்தில் அவர்கள் காணும் வேற்றுக் கலத்தையும், அங்கிருந்து கப்பலுக்குள் வந்துவிடும் உயிரினத்தையும் எச்.ஆர். கீகர் என்ற சுவிஸ் ஓவியரிடம் விட்டார்கள். எலும்பா, குழாயா, சதையா, இரும்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத வடிவங்கள் அவருடையவை. இரண்டு உலகங்களை இரண்டு வேறு கைகள் வரைந்ததால் ஒன்றின் சாயல் மற்றதில் இல்லவே இல்லை. அந்தக் கலத்துக்குள் மூன்று பேர் நுழையும்போது, மனிதன் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் நமக்குத் தெரியவைத்துவிடுகிறார்கள். அங்கே இருக்கையோடு ஒட்டி இறுகிப்போன ஒரு ராட்சத உடல் கிடக்கும். அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று, ஸ்காட் தன் பிள்ளைகளுக்குச் சிறிய விண்வெளி உடை மாட்டித் தூரக் காட்சியில் நடக்கவிட்டிருக்கிறார். அந்தக் கலத்தில் இருக்கும் முட்டைகளுக்கு மேல் மிதக்கும் நீல ஒளிப் படலம், ‘தி ஹூ’ ராக் இசைக்குழு பக்கத்து அரங்கில் தங்கள் மேடைக்காகச் சோதித்துக்கொண்டிருந்த லேசர். சுமார் 1.1 கோடி டாலர் செலவில் எடுத்த படம் இன்னும் பழசாகத் தெரியாததற்கு இப்படிக் கையால் செய்த வேலைகள்தான் காரணம். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய குழுவில் கீகரும் ஒருவர்.

பிறகு அந்தச் சாப்பாட்டு மேசை.

கேன் (ஜான் ஹர்ட்) பிழைத்துவிட்டான். முட்டையிலிருந்து பாய்ந்து அவன் முகத்தில் ஒட்டியிருந்த உயிர் செத்து விழுந்துவிட்டது. எல்லோருக்கும் பசி, எல்லோருக்கும் நிம்மதி, ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிச் சிரிக்கிறார்கள். கேன் இருமுகிறான். சாப்பாடு தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று நினைத்து மேசையில் சாய்த்து, கை கால்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்து நடப்பது ஊரறிந்தது, அவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி வெளியே வருகிறது. காட்சியில் என்ன நடக்கும் என்று நடிகர்களுக்குத் தெரியும், ஆனால் ரத்தம் எவ்வளவு வரும், யார் மேல் தெறிக்கும் என்பதை ஸ்காட் சொல்லவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் அது நேராக வந்து அடிக்கும்போது அவர் அதிர்ந்து போவது நிஜ அதிர்ச்சி.

மூன்றாம் முறை தியேட்டரில் பார்த்தபோது நான் திரையை விட்டுவிட்டு அவர்கள் கைகளையே கவனித்தேன். காப்பாற்ற நினைத்துப் பிடித்திருக்கும் கைகள். பயம் வெளியே எங்கேயோ இருட்டில் இல்லை, அவர்கள் தொட்டுக்கொண்டிருக்கிற உடம்புக்குள் இருக்கிறது. அந்தக் காட்சி இத்தனை வருடங்களாகப் பேசப்படுவதற்கு ரத்தத்தை விட அந்த நெருக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதுவரை வந்தது ஏறக்குறைய பாதிப் படம். இங்கிருந்துதான் எனக்குச் சூடு குறையத் தொடங்குகிறது.

அந்தக் குட்டி ஓடி மறைகிறது, வளர்கிறது, ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சாவும் தனித்தனியாக நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. பிரெட் பூனையைத் தேடிப் போகும் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். உயரமான ஒரு கூடம், கூரையிலிருந்து தொங்கும் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பிரெட் அதன் கீழே போய் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்துகிறான். வேலையில் களைத்துப்போன ஒரு மனிதன் குளிர்ந்த நீரை முகத்தில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறான். கதைக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. ஆனால் படம் முழுக்க ஒரு மனிதனோடு நான் இவ்வளவு பக்கத்தில் நின்ற கணம் வேறு இல்லை. அடுத்த நிமிடம் அவன் இல்லை.

அவன் போனபிறகு அவனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பதறி ஓடிவருகிறார்கள், அது எவ்வளவு பெரிது என்று சொல்கிறார்கள், அடுத்த திட்டம் போடுகிறார்கள். அதற்கு முன்பே கேனின் உடலை விண்வெளியில் விடும்போது, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேப்டன் டல்லாஸ் கேட்கிறார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. உடல் வெளியே போகிறது. இந்தக் குளிர்ச்சி தற்செயலாக வந்ததில்லை, ஸ்காட் வேண்டுமென்றே வைத்தது என்பது எனக்குத் தெரியும். இந்த ஏழு பேரும் ஒரு கம்பெனிக்கு வேலை செய்யும் ஆட்கள், அவ்வளவுதான், நண்பர்கள் இல்லை. படம் அதில் நேர்மையாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கே ஒருவர் மேல் ஒருவருக்கு ஒட்டுதல் இல்லாதபோது, எனக்கு எங்கிருந்து வரும்? அடுத்து யார் என்பது ஒரு வரிசையாக மாறிவிடுகிறது. நான் அழகான இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பயப்படவில்லை.

நடுவில் ஒருமுறை சட்டென்று மீண்டும் சூடேறுகிறது. அறிவியல் அதிகாரி ஆஷ் மனிதனே இல்லை, கம்பெனி வைத்த இயந்திரம் என்று தெரியவருகிற இடம். இயான் ஹோல்மின் நெற்றியோரம் ஒரே ஒரு சொட்டு வெள்ளைத் திரவம் மெல்ல வழிந்து இறங்கும். என்ன அது என்று நமக்குப் புரிவதற்குள் அவன் நாயகி ரிப்ளியைத் தாக்கத் தொடங்கிவிடுகிறான். உயிரினத்தைக் கொண்டு வர வேண்டும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்பதுதான் அவனுக்குக் கொடுத்திருந்த உத்தரவு. இத்தனை நேரமும் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவன்! எனக்கு இந்தப் படத்தில் மயிர்க்கூச்செறிந்தது இங்கேதான். ஆனால் அந்தச் சந்தேகம் பிறந்த வேகத்திலேயே தீர்ந்தும் போகிறது. எரித்துவிட்டு, மறுபடியும் நடைபாதைகளில் ஓடத் தொடங்குகிறார்கள்.

ரிப்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. திரைக்கதையில் எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்றுதான் டான் ஓ’பானன் எழுதியிருந்தார். அதனால்தான் சிகர்னி வீவர் செய்கிற எதிலும் ‘பெண் என்பதால்’ என்ற பூச்சு இல்லை. முகத்தில் அது ஒட்டியிருக்கும் கேனைத் தூக்கி வருபவர்களுக்கு, நோய்த்தடுப்பு விதியைச் சொல்லிக் கதவைத் திறக்க மறுக்கிறாரே, அங்கேயே அந்தப் பாத்திரம் யார் என்று முடிவாகிவிடுகிறது. விதியை மதித்தவள் சொன்னதைக் கேட்டிருந்தால் படமே இல்லை. இந்த ஒரு பாத்திரத்துக்காகவே ‘ஏலியன்’ பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆக, என் மதிப்பெண் என்ன? முதல் பாதிக்குத் தலைவணங்குகிறேன், இரண்டாம் பாதியை மரியாதையோடு பார்க்கிறேன். நேசம் வரவில்லை. இந்த வகைப் படங்களில் நான் பார்ப்பது, பயம் எவ்வளவு பக்கத்தில் வந்து உட்காருகிறது என்பதைத்தான். ‘ஏலியன்’ படத்தில் அது பக்கத்தில் வருவது இரண்டே இரண்டு தடவை. மேசையில் ஒன்று, ஆஷிடம் ஒன்று. மற்ற நேரமெல்லாம் அது கூரையிலோ காற்றுக்குழாயிலோ இருக்கிறது.

இப்போது ‘தி திங்’.

இந்த இரண்டு படங்களும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை என்று சொல்லலாம். ஜான் கார்பென்டர் இயக்கி, அவரும் ஓ’பானனும் சேர்ந்து எழுதிய ‘டார்க் ஸ்டார்’ 1974ல் வந்தது. மாணவர்களாக இருந்தபோது கையில் இருந்த காசில் தொடங்கிய விண்வெளி நகைச்சுவை. அதில் வேற்றுயிர் என்பது ஒரு கடற்கரைப் பந்து. அதே எண்ணத்தைச் சிரிப்புக்குப் பதிலாகப் பயத்தோடு செய்து பார்க்கலாம் என்று ஓ’பானன் போன வழிதான் ‘ஏலியன்’. கார்பென்டர் தன் வழியில் 1982ல் ‘தி திங்’ படத்துக்கு வந்து சேர்ந்தார். கதையின் மூலம் ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938ல் எழுதிய ஒரு குறுநாவல்.

அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு முகாம். பன்னிரண்டு ஆண்கள். பனிவெளியில் ஒரு நாய் ஓடிவருகிறது, ஹெலிகாப்டரிலிருந்து ஒருவன் அதைச் சுட்டுக்கொண்டே துரத்துகிறான். நாய் முகாமுக்குள் வந்துவிடுகிறது. உள்ளே வந்த உயிர் எந்த உடலையும் அப்படியே நகலெடுக்கும். குரல், நடை, நினைவு எதிலும் வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டு பேரில் யார் இன்னும் மனிதன்?

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. அந்த நாய் தனியாக நடைபாதையில் வருகிறது. குரைப்பதில்லை, முகர்வதில்லை, வாலை ஆட்டுவதில்லை. ஒரு கதவருகே நின்று உள்ளே பார்க்கிறது, அடுத்ததற்குப் போகிறது. ஓர் அறைக்குள் நுழைகிறது. சுவரில் ஒரு மனிதனின் நிழல் மட்டும் திரும்புகிறது. அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடும். அந்த நிழல் யாருடையது என்று படம் கடைசி வரை சொல்வதே இல்லை. ஒரு நாய் சும்மா நடந்து போவதற்கு எனக்கு உடம்பு சில்லிட்டது என்றால், இயக்குநர் எவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்கிறார் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனைக் காட்சியை நான் விளக்கமாகச் சொல்ல மாட்டேன், அவர்கள் சனிக்கிழமை பார்க்கட்டும். கட்டிப்போடப்பட்ட மனிதர்கள், ஆளுக்கொரு தட்டில் கொஞ்சம் ரத்தம், நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய ஒரு கம்பி. கம்பி ரத்தத்தில் பட்டதும் சுர்ரென்ற ஒரு சத்தம், அடுத்த தட்டு. இவ்வளவுதான் உபகரணம். ‘ஏலியன்’ இரண்டாம் பாதி முழுவதும் ஓடி ஓடிக் கொண்டுவரப் பார்த்த பதைப்பை, கார்பென்டர் ஓர் அறைக்குள் ஆட்களை உட்காரவைத்தே கொண்டுவந்துவிடுகிறார். ஏனென்றால் இங்கே ஆஷ் போன்றவன் யார் என்பது கடைசி வரை தீராத கேள்வி. ‘ஏலியன்’ தொட்டுவிட்டுக் கடந்துபோன விஷயத்தின் மேலேயே இந்தப் படம் உட்கார்ந்திருக்கிறது.

குறையும் உண்டு. பன்னிரண்டு பேரில் நாலைந்து பேரை முதல் அரை மணி நேரத்தில் அடையாளம் வைத்துக்கொள்வதே கஷ்டம். கர்ட் ரஸ்ஸலின் மெக்ரெடியும் கீத் டேவிட்டின் சைல்ட்ஸும் நிற்கிற மாதிரி மற்றவர்கள் நிற்கவில்லை. யார் எப்போது மாறினார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சில இடங்களில் நூல் அறுந்துபோகும். அப்புறம் அந்த உருமாற்றங்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராப் பாட்டின் ரப்பரும் கம்பியும் வைத்துச் செய்தவை அவை. சில இடங்களில் பயத்தைத் தாண்டி ‘இதை எப்படிய்யா செஞ்சாங்க’ என்ற வியப்புக்குப் போய்விடுகிறது. ஒரு கட்டத்தில் பாத்திரமே அதைப் பார்த்துக் கண்ணை நம்பாமல் நிற்கிறான். சதையும் கொழகொழப்பும் தாங்காதவர்களுக்கு இது நிச்சயம் அதிகம்.

இந்தப் படம் வந்தபோது யாரும் கொண்டாடவில்லை என்பதையும் அவனிடம் சொல்ல வேண்டும். அன்பான வேற்றுயிரைக் காட்டிய ‘ஈ.டி.’ அதே ஜூன் மாதம் இரண்டு வாரம் முன்னால் வந்து எல்லோர் மனதையும் பிடித்துக்கொண்டிருந்தது. ‘தி திங்’ வெளியானது 1982 ஜூன் 25. அதே நாளில் வந்த இன்னொரு படம் ‘பிளேட் ரன்னர்’, ரிட்லி ஸ்காட்டுடையது. இரண்டுக்கும் அன்றைக்கு அடி. இரண்டையும் பிற்பாடுதான் ஜனங்கள் தேடி வந்தார்கள். என்னியோ மோரிக்கோனேயின் இசை, இதயம் அடிப்பது மாதிரி இரண்டே சுரங்களில் தட்டிக்கொண்டே இருக்கும். இன்னும் என் காதில் இருக்கிறது.

மூன்றாவது ‘தி ஃப்ளை’, 1986, டேவிட் க்ரோனென்பெர்க். உண்மையைச் சொன்னால் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். பயம் இங்கே பக்கத்து ஆளிடம்கூட இல்லை, சொந்தத் தோலுக்குள் வந்துவிட்டது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பொருளை அனுப்பும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி தன்னையே அனுப்பிப் பார்க்கிறான். பெட்டிக்குள் ஓர் ஈ இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அதன் பிறகு அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவனுடையதாக இல்லாமல் போகிறது. விழுந்த பல்லையும் காதையும் குளியலறை மருந்து அலமாரியில் கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து வைத்துக்கொள்கிறான், தன் பழைய உடம்பின் அருங்காட்சியகம் மாதிரி. ஜெஃப் கோல்ட்ப்ளம் அதைக் காட்டும்போது குரலில் ஆராய்ச்சியாளனின் ஆர்வம் இருக்கிறது. வீட்டில் யாராவது நாள்பட்ட நோயில் கரைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி தைக்கும். ஜீனா டேவிஸ் அவனைப் பார்க்கிற பார்வையில் அருவருப்பும் அன்பும் ஒரே நேரத்தில் இருக்கும். ‘ஏலியன்’ படத்தில் எனக்குக் கிடைக்காத துக்கம் இங்கே முழுசாகக் கிடைக்கிறது. ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கிய படம், 96 நிமிடம்தான், ஒரு காட்சிகூட வீண் கிடையாது. தயாரித்தது நகைச்சுவைக்குப் பெயர் போன மெல் ப்ரூக்ஸின் நிறுவனம். தன் பெயரைப் பார்த்தால் ஜனங்கள் சிரிப்புப் படம் என்று நினைத்துவிடுவார்கள் என்று அவர் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படியிருந்தும் இதை மூன்று பையன்கள் கூடும் ராத்திரிக்குச் சொல்ல மாட்டேன். கூட்டமாகப் பார்த்தால் அருவருப்பான இடங்களில் ஒருவன் கத்துவான், இன்னொருவன் சிரிப்பான், அந்தச் சத்தத்தில் காதல் கதை காணாமல் போய்விடும். தனியாக, அல்லது மனசுக்குப் பிடித்த ஒருவரோடு பார்க்க வேண்டிய படம்.

நான்காவதாக ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’. 1956ல் டான் சீகல் எடுத்ததும் நல்ல படம்தான், ஆனால் நான் சொல்வது ஃபிலிப் காஃப்மன் எடுத்த 1978 வடிவம். சான் ஃபிரான்சிஸ்கோவில் மனிதர்கள் தூங்கி எழும்போது அதே முகத்தோடு வேறு யாரோவாக எழுகிறார்கள். கோல்ட்ப்ளமும் வெரோனிகா கார்ட்ரைட்டும் இதிலும் இருக்கிறார்கள். ரத்தம் குறைவு, சந்தேகம் அதிகம். மூவரில் ஒருவனுக்கு ரத்தம் ஆகாது என்றால் யோசிக்காமல் இதைப் போடலாம். மெதுவாக நகரும், அதற்குத் தயாராக உட்கார வேண்டும்.

‘ஏலியனை விட்டுட்டு நேரா ஏலியன்ஸ் பாருங்க’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் கேமரூனின் 1986 படம் அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீவருக்கு நடிப்புக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கிக்கொடுத்த படம். ஆனால் அது போர்ப் படம். முதல் படம் தெரியாமல் பார்த்தால் ரிப்ளி ஏன் தூக்கத்தில் அலறி எழுகிறாள் என்பதன் கனம் புரியாது. இந்த ராத்திரிக்கு அது வேண்டாம்.

எந்த வடிவத்தைப் பார்ப்பது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ‘ஏலியன்’ பார்ப்பதானால் 1979 வடிவம், 117 நிமிடம். 2003ல் வந்த டைரக்டர்ஸ் கட் பெயரைப் பார்த்து அதுதான் முழுமையானது என்று நினைக்க வேண்டாம். அது ஒரு நிமிடம் குறைவு. சில காட்சிகளைச் சுருக்கி, முன்பு நீக்கிய சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் வடிவத்தில் தனக்கு நிறைவுதான் என்று ஸ்காட்டே சொல்லியிருக்கிறார். சேர்த்ததில் முக்கியமானது, கடைசிக் கட்டத்தில் ரிப்ளி ஓர் இடத்தில் டல்லாஸைக் கண்டுபிடிக்கும் காட்சி. எனக்குக் குறையாகப் பட்ட மனித ஒட்டுதல் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தப்பி ஓட வேண்டிய நேரத்தில் வருவதால் ஓட்டம் தடைபடுகிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது வேண்டாம். ‘தி திங்’ தேடும்போது வருடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும், அதே பெயரில் 2011ல் ஒரு முன்கதைப் படம் இருக்கிறது. அதைத் தவறுதலாகப் போட்டுவிட்டால் நான் சொன்ன நாய் நடக்கும் காட்சி வராது.

திரையின் அளவும் இந்த முடிவில் பங்கு வகிக்கிறது. ‘ஏலியன்’ படத்தின் பலம் அதன் அளவும் இருட்டும். சின்னத் திரையில் அந்த இருட்டு வெறும் கறுப்பாகப் படிந்துவிடுகிறது, அந்தக் கூடத்தின் உயரம் தெரிவதே இல்லை. நான் லேப்டாப்பில் பார்த்தபோது சங்கிலிகள் இருந்ததாகவே நினைவில்லை. ‘தி திங்’ அப்படியில்லை. முகங்களும் வெள்ளைப் பனியும் நெருக்கமான அறைகளும்தான் அதன் சொத்து என்பதால் வீட்டுத் திரையிலும் அப்படியே வேலை செய்கிறது. எதைப் போட்டாலும் சப்டைட்டில் இருக்கட்டும். இரண்டிலும் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள், அந்த முணுமுணுப்பில்தான் பாதிக் கதை.

நேற்று ராத்திரி அவனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். “சனிக்கிழமை ‘தி திங்’ போடுங்கடா. 1982ல வந்தது. ஃபோனை எல்லாம் அடுத்த ரூம்ல வெச்சிடுங்க. மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காருங்க.”

“அப்போ ஏலியன் நல்லால்லையா மாமா?”

“நல்ல படம்டா. எனக்கு உசுருக்கு உசுரா இல்ல, அவ்வளவுதான். உனக்கு இருக்கலாம். அதனாலதான் அதை வீட்டுல பார்த்து வீணாக்காதேன்னு சொல்றேன். மறுபடி தியேட்டர்ல போடுவாங்க, நானே டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க நாலாவது தடவையா?”

“ஆமா. ஒரு ஆளு தொப்பியைக் கழட்டிட்டுத் தண்ணிக்குக் கீழ நிப்பான். அப்ப மட்டும் என்கிட்ட பேசாதே.”